திமிங்கிலமும் மூலதனமும்

'திமி' என்னும் பெருமீனை விழுங்குவது 'திமிங்கிலம்' என்று வடமொழியாளர் பொருள் கூறுவர். அத்திமிங்கிலத்தையும் விழுங்கவல்ல 'திமிங்கிலகிலம்' என்ற ஒன்றனையும் பழையோர் கற்பனை செய்தனர். இயற்கையை நோக்கின் இப்பெயர்களிற் பிழை மலிந்துள்ளது. திமிங்கிலம் மீனன்று, காற்றைச் சுவாசித்து, குட்டியீன்று, பாலூட்டி வளர்க்கும் விலங்கு. அவற்றுட் பெரியதாகிய நீலத் திமிங்கிலமோ பெருமீன் எதனையும் விழுங்குவதில்லை. கூனி இறாலை ஒத்த 'கிறில்' எனப்படும் சிற்றுயிர்களை நீரோடு வாங்கி, நீரை வடித்து, நாளொன்றுக்குத் தொன்கணக்கில் உண்டு வாழ்வது அது. ஆயினும் திமிங்கிலத்தையே விழுங்கும் ஒன்று உண்டு என்ற கற்பனை மாத்திரம் இருபதாம் நூற்றாண்டில் மெய்யாயிற்று. அஃது எவ்வாறு தோன்றியது, எதனை உண்டு வளர்ந்தது, எப்போது எதன்பொருட்டு ஓய்ந்தது என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

1900ஆம் ஆண்டிலிருந்து 1999ஆம் ஆண்டு வரை உலகக் கடல்களிற் கொல்லப்பட்ட திமிங்கிலங்களின் தொகை ஏறத்தாழ 29 இலட்சம் என 2014இல் ஆய்வாளர் கணித்தனர். தென்முனைக் கடலில் வாழ்ந்த நீலத் திமிங்கிலங்கள் வேட்டை தொடங்குமுன் ஏறக்குறைய 239,000 இருந்தன என்றும், 1973 அளவில் அவற்றுள் எஞ்சியவை 360 அளவிலேயே என்றும் மற்றுமோர் ஆய்வு கூறுகின்றது. ஆயிரத்துக்கு இரண்டுகூட மிஞ்சவில்லை. உலகில் தோன்றிய உயிர்களுள் மிகப் பெரியது என்று நாம் வகுப்பறையிற் கற்பிக்கும் அவ்வுயிர், எழுபது ஆண்டுகளுள் இந்நிலையை அடைந்தது.

இதற்குக் காரணம் 'மனிதனின் பேராசை' என்று கூறி அமைதி கொள்வோர் பலர். இக்கூற்று அறநூற் போதனைக்குப் பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது. எந்த மனிதன்? ஆட்டிக் பனிக்கரையில் ஆண்டுக்குச் சில திமிங்கிலங்களைக் கொன்று ஊர் முழுவதும் பகிர்ந்துண்ட இனுயிற்று மனிதனா? இலண்டனிலும் ஒசுலோவிலும் பங்குப் பத்திரம் வாங்கி, திமிங்கிலம் ஒன்றனை வாழ்நாளிற் காணாமலே இலாபப் பங்கு பெற்ற மனிதனா? இருவரையும் ஒரே சொல்லுள் அடக்கிவிட்டால், பின்னவனின் குற்றத்திற் பாதியை முன்னவனின் தலையிற் சுமத்தியவராவோம்.

பழைய வேட்டையைப் பற்றி அதிகம் விரிக்க வேண்டுவதில்லை. பிசுக்கே விரிகுடாவிற் பாஸ்க்கு மக்கள் தொடங்கிய இத்தொழிலைப் பதினேழாம் நூற்றாண்டிலே ஒல்லாந்தர் இசுப்பிற்சுபேர்கன் தீவு வரை கொண்டு சென்றனர். பின்னர் நன்ரக்கற், நியூ பெட்பேட் ஆகிய அமெரிக்கத் துறைமுகங்கள் இதனாற் செழித்தன. அக்காலத்தார் பாய்க்கப்பலிற் சென்று, துடுப்புப் படகில் நெருங்கி, கையால் ஈட்டி எறிந்தனர். மெதுவாக நீந்துவனவும் இறந்தபின் மிதப்பனவுமாகிய இனங்களே அவர்கட்கு அகப்பட்டன. நீலத் திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் படகினும் விரைந்து ஓடுவன. கொன்றாலும் கடலடியில் ஆழ்ந்துவிடுவன. ஆகவே அவை தப்பின.

மண்ணெண்ணெய் வந்ததும் விளக்குக்குத் திமிங்கில எண்ணெய் வேண்டாததாயிற்று, அதனாற் திமிங்கிலம் பிழைத்தது என்றொரு கதை இன்றும் வழங்குகிறது. சந்தை தானே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்ப விரும்புவோருக்கு இது மிக உவப்பான கதை. உண்மையோ நேர்மாறானது. பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிற் பாய்க்கப்பல் வேட்டையாடிகள் கொன்ற ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் எனக் கணிப்பர். 1960களை ஒட்டிய ஒரு பத்தாண்டில் மாத்திரம் அத்தொகை அளவு மீண்டும் கொல்லப்பட்டது. நிலக்கரியும் பெற்றோலியமும் விளக்கை மாற்றின, கப்பலையும் மாற்றின. அக்கப்பலே திமிங்கிலத்தின் கூற்றுவனாயிற்று.

நோர்வே நாட்டின் ரோன்சுபேர்க்கைச் சேர்ந்த சிவென் போயின் என்பவர் கடல்நாய் வேட்டையிற் பொருளீட்டியவர்; பக்தி மிகுந்தவர். 1863இல் நீராவியால் இயங்கும் வேட்டைக் கப்பல் ஒன்றினைக் கட்டுவித்த இவர், பின்னர் பீரங்கியிலிருந்து பாயும் ஈட்டியையும், அதன் நுனியில் உடலுக்குள் வெடிக்கும் குண்டையும் செம்மைப்படுத்தி 1870இல் தனியுரிமை பெற்றார். இறந்த உடலினுட் காற்றை ஏற்றி மிதக்கவைக்கும் முறையும் சேர்ந்தபின், கடலில் எந்தத் திமிங்கிலமும் எட்டாததாக இருக்கவில்லை. நோர்வேயின் வடகோடியாகிய பின்மார்க்குக் கரையெங்கும் திமிங்கில நிலையங்கள் எழுந்தன.

அங்கு நிகழ்ந்த ஒன்றனை நம் வாசகர் அறிந்திருக்க வேண்டும். பின்மார்க்கின் ஏழை மீனவர், திமிங்கிலங்களே சிறுமீன் கூட்டத்தைக் கரையை நோக்கி விரட்டுகின்றன என்றும், அவற்றைத் தொடர்ந்தே கொட் மீன் வருகின்றது என்றும் தலைமுறைகளாக நம்பிவந்தனர். விஞ்ஞானிகள் இதனை ஏற்கவில்லை. மீனவர் கூற்று விஞ்ஞானத்தின்படி சரியா பிழையா என்பது நமக்கு இவ்விடத்து முக்கியமன்று. கடல் ஒரு கம்பனியின் சொத்தாகி, தம் வலை வெறுமையாவதை அவர்கள் கண்டனர். மனுக்கள் பல ஆண்டுகள் தலைநகரிற் கிடந்தன. 1903ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மெஹாம்ன் என்னும் ஊரிலே பெருந்திரளான மீனவர் ஒன்றுகூடி அங்கிருந்த திமிங்கில நிலையத்தைத் தகர்த்தெறிந்தனர். அரசாங்கம் படையை அனுப்பியது. ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலிலே நோர்வேத் தொழிற்கட்சி முதன்முதலாகப் பாராளுமன்ற ஆசனங்களைப் பெற்றது. அவை வட நோர்வேயிலிருந்தே கிடைத்தன. 1904 முதற் பத்தாண்டுகளுக்கு வடமாகாணக் கரைகளிற் திமிங்கில வேட்டை சட்டத்தாற் தடுக்கப்பட்டது. திமிங்கிலத்தின் பொருட்டு இயற்றப்பட்ட முதற் பெருந்தடைகளுள் ஒன்று இது. அதனைப் பெற்றுத் தந்தோர் இயற்கைப் பிரியரல்லர். மீன்வாடை வீசும் கைகளையுடைய தொழிலாளர்.

ஓரிடத்தில் எதிர்ப்பைக் கண்ட மூலதனம் எதிர்ப்பில்லாத இடத்தைத் தேடிச் செல்லும். வடக்கிற் கதவடைபட்ட அதே 1904இல், தென்முனையை அடுத்த தென் யோர்ச்சியாத் தீவிற் புதிய கதவு திறக்கப்பட்டது. காள் அன்ரன் லாசன் என்ற நோர்வே மாலுமி, தன் கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கியபின் ஆர்சன்ரீனக் கப்பலொன்றால் மீட்கப்பட்டவர். தம்மை வரவேற்ற புவனசு அயரிசுச் செல்வரிடமே முதலீடு பெற்றுக் கம்பனியொன்றை நிறுவினார். கிரித்விக்கன் என்னும் குடாவில் அதன் நிலையம் எழுந்தது. மீனவர் எவரும் அத்தீவில் இல்லை. ஆகவே கலகம் செய்வாரும் இல்லை. கூனல் திமிங்கிலங்கள் குடாவுக்குள்ளேயே வந்து திரிந்தமையால் தொடக்கத்தில் வெளிக்கடலுக்குச் செல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. கொழுப்புப் படையை மாத்திரம் உரித்தெடுத்து எஞ்சிய உடலை நீரில் மிதக்கவிட்டனர். அவ்வெலும்புகள் இன்றும் அக்கரைகளிற் கிடக்கின்றன. 1910-11ஆம் பருவத்தில் மாத்திரம் தென் யோர்ச்சியாவில் 6,000க்கு மேற்பட்ட கூனல் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. சில ஆண்டுகளில் அவ்வினம் அக்கடலில் அரிதாயிற்று. வேட்டை நீலத் திமிங்கிலத்தின்பாற் திரும்பியது. ஓரினம் தீர்ந்ததும் அடுத்த இனம் என்ற இவ்வொழுங்கு பின் அறுபதாண்டுகள் மாறவேயில்லை.

இத்துணை எண்ணெயை வாங்கியவர் யார்? 1902இல் வில்லெம் நோமன் என்ற செருமானிய இரசாயனவியலாளர், திரவ எண்ணெயுடன் ஐதரசனைச் சேர்த்துக் கட்டியான கொழுப்பாக்கும் முறைக்குத் தனியுரிமை பெற்றார். அதுவரை சவர்க்காரத்துக்கும் இயந்திரங்களுக்குமே உதவிய, நாற்றமடிக்கும் திமிங்கில எண்ணெய் அதனால் மணமற்ற வெண்கொழுப்பாயிற்று. வெண்கொழுப்பு மாஜரின் ஆயிற்று. ஐரோப்பியக் கைத்தொழில் நகரங்களிற் பெருகிய தொழிலாளர், வெண்ணெய் வாங்கச் சம்பளம் போதாமையால், பாணில் மாஜரினைப் பூசி உண்டனர். முதலாவது உலகப் போரிலோ அவ்வெண்ணெயிலிருந்து எடுக்கப்பட்ட கிளிசரின் வெடிமருந்தாயிற்று. அந்தாட்டிக் கடலின் திமிங்கிலம் பிரான்சின் அகழிகளில் மனிதரைக் கொன்றது என்று கூறின் மிகையன்று. 1919இல் சவர்க்கார முதலாளியாகிய லீவர் திமிங்கில வேட்டைக் கம்பனியொன்றையே விலைக்கு வாங்கினார். 1929இல் லீவரும் ஒல்லாந்து மாஜரின் நிறுவனமும் இணைந்து யூனிலீவர் ஆயின. அதன்பின் உலகத் திமிங்கில எண்ணெயிற் பெரும் பகுதியை வாங்கும் கை ஒன்றாகவே இருந்தது.

தென் யோர்ச்சியாவைத் தன்னுடையதெனக் கொண்ட பிரித்தானிய அரசு, உத்தரவுக் கட்டணமும் எண்ணெய்ப் பீப்பாய்க்கு வரியும் அறவிட்டது. அவ்வரிப் பணத்திற் கடலாராய்ச்சி நடைபெற்றது. தென்முனைத் திமிங்கிலங்களைப் பற்றி நாம் அறிவனவற்றிற் பெரும்பகுதி அவ்வாராய்ச்சியின் பயனே. உரித்த திமிங்கிலத்தின் மீது நின்றுதான் திமிங்கிலத்தை அறிந்தோம் என்பது இந்நூற்றாண்டின் முரண்களுள் ஒன்று. உத்தரவு, வரி, கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் கம்பனிகள் ஒரு பாய்ச்சலிற் தாண்டின. 1925இல் 'லான்சிங்' என்ற நோர்வே ஆலைக்கப்பல் பின்புறத்திற் சறுக்குவழியுடன் கடலுக்குச் சென்றது. முழுத் திமிங்கிலத்தையும் தளத்தின்மேல் இழுத்து, நடுக்கடலிலேயே அறுத்துக் காய்ச்சி வடித்துவிடலாம். கரை தேவையில்லை; கரைக்குரிய அரசின் அனுமதியும் தேவையில்லை. எவருக்கும் உரியதல்லாத கடல் என்றால், வலியவன் எடுத்ததெல்லாம் அவனுக்கே என்றாயிற்று.

அக்கப்பல்களில் உழைத்தோரைப் பற்றியும் இரண்டொரு சொல் கூறவேண்டும். நோர்வேயின் வெசுற்போல்ட் மாவட்டத்தவரும் சிற்றலன்ட் தீவினரும் ஸ்கொத்துலாந்தருமாகிய ஏழைகள், ஆண்டிற் பாதியை இரத்தமும் கொழுப்பும் வழுக்கும் தளங்களிற் கழித்தனர். அடிப்படைக் கூலி சிறிது. திமிங்கிலத்தின் எண்ணிக்கைக்கும் எண்ணெய்ப் பீப்பாய்க்கும் ஏற்ற மேலதிகக் கொடுப்பனவே அவர்தம் நம்பிக்கை. கொல்லும் தொகை கூடினாலன்றித் தம் பிள்ளைகட்கு மாரிக்கால உடையில்லை என்னும் நிலையில் ஒருவனை நிறுத்திவிட்டு, 'இயற்கையை அழிக்கிறானே' என்று அவனையே பழிப்பது யாருக்கும் எளிது.

1930-31ஆம் பருவத்தில் 41 ஆலைக்கப்பல்களும் 200க்கு மேற்பட்ட வேட்டைக் கப்பல்களும் தென்முனைக் கடலுட் புகுந்தன. ஏறத்தாழ 40,000 திமிங்கிலங்கள் மாண்டன. அவற்றுள் நீலத் திமிங்கிலங்கள் 29,000 அளவினவாகும். முப்பத்தாறு இலட்சம் பீப்பாய் எண்ணெய் வந்து குவிந்தது. உலகமோ பொருளாதார மந்தத்துள் ஆழ்ந்திருந்தது. விலை வீழ்ந்தது, கையிருப்பு நிறைந்திருந்த யூனிலீவர் வாங்க மறுத்தது. அடுத்த பருவத்தில் நோர்வேயின் கப்பற்படை துறைமுகத்திலேயே கட்டப்பட்டுக் கிடந்தது. வெசுற்போல்ட்டின் குடும்பங்கள் வேலையற்று வாடின. அவ்வாண்டு நீலத் திமிங்கிலங்கள் சற்று மூச்சு விட்டதற்குக் காரணம் எந்த மனிதனின் இரக்கமுமன்று, விற்பனையாகாத எண்ணெயே.

உற்பத்தி மிகுந்து விலை சரிந்த பின்னரே கட்டுப்பாடு பற்றிய பேச்சு வலுப்பெற்றது. 1931இல் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் ஜெனீவாவில் உடன்படிக்கையொன்று வரையப்பட்டது. 1937இல் இலண்டனில் மற்றொன்று. இதற்கிடையில் யப்பான் 1934இல் அந்தாட்டிக் வேட்டையில் இறங்கியது. எண்ணெயை ஐரோப்பாவுக்கு விற்றுப் பெற்ற அந்நியச் செலாவணி அதன் போர்ப் பொருளாதாரத்துக்கு உதவிற்று. இற்லரின் செருமனியும் கொழுப்புப் பற்றாக்குறையை நீக்கவெனத் தன் கப்பல்களை அனுப்பியது.

போரின் பின் 1946 திசெம்பரில் வாசிங்டனிற் கையெழுத்தான ஒப்பந்தமே இன்றுள்ள சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழுவின் அடித்தளம். அதன் முகவுரை எதிர்காலச் சந்ததியாருக்குத் திமிங்கிலங்களைப் பேண வேண்டும் என்கிறது. அதே மூச்சிற் திமிங்கிலத் தொழிலின் ஒழுங்கான வளர்ச்சியையும் வேண்டுகிறது. ஆட்டையும் ஓநாயையும் ஒரே பட்டியில் அடைத்த ஆவணம் அது. மேலும், தனக்கு ஒவ்வாத தீர்மானத்துக்குத் தொண்ணூறு நாளுள் ஆட்சேபம் தெரிவித்தால் எந்த நாடும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

இவ்வாணைக்குழு கையாண்ட அளவை சற்று விளக்குதல் நன்று. 'நீலத் திமிங்கில அலகு' என்பது அதன் பெயர். ஒரு நீலத் திமிங்கிலம் ஓர் அலகு. இரண்டு துடுப்புத் திமிங்கிலங்கள் ஓர் அலகு. கூனல் இரண்டரை, சேய் இனத்தில் ஆறு என்றவாறு எண்ணப்பட்டன. ஆண்டுக்கு 16,000 அலகு கொல்லலாம். உயிரினங்களின் வேறுபாடு, அவற்றின் தொகை, இனப்பெருக்கம் ஆகிய எதுவும் இக்கணக்கில் இல்லை. எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்பதொன்றே உண்டு. அருகிவிட்ட நீலத் திமிங்கிலம் ஒன்றைக் கண்டாற் சுடுவதே சுடுவோனுக்கு ஆதாயம், ஒரே வெடியில் ஓரலகு நிறைகின்றதல்லவா? மேலும் அத்தொகை நாடுகளுக்குப் பங்கிடப்படவில்லை. எல்லா நாடுகளும் ஒரே நாளிற் தொடங்கி, 16,000 நிறையும் வரை ஒன்றையொன்று முந்த ஓடின. நான்கு மாதம் அளவு நீடித்த பருவம் 1950களின் நடுவில் இரண்டு மாதமாகக் குறுகியது. குறுகிய பருவத்துக்குப் பெரிய கப்பல், பெரிய கப்பலுக்குப் பெருங்கடன், கடனைத் தீர்க்க மேலும் வேட்டை: இச்சுழலில் அகப்பட்டவர் எவரும் தானாக நிற்க இயலாது. அரிஸ்ரோட்டில் ஒனாசிசு போன்றோரோ அவ்விதிகளையும் மதிக்கவில்லை. அவரது 'ஒலிம்பிக் சலஞ்சர்' தடையுள்ள காலத்திலும் தடையுள்ள இனங்களையும் கொன்று, 1954இற் பெருநாட்டுக் கடற்படையாற் சிறைப்பட்டது.

முதலாளிமார் தம் தொழிலின் அடித்தளத்தையே அழிப்பார்களா, அது மடமையன்றோ என்று மாணவர் வினவுவதுண்டு. இதற்கு விடையை 1973இல் கொலின் கிளாக் என்ற கனடியக் கணிதவியலாளர் தெளிவுறக் காட்டினார். திமிங்கிலக் கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்குச் சில வீதமே பெருகும். முதலீட்டுக்குக் கிடைக்கும் வட்டி அதனினும் அதிகமாயின், திமிங்கிலங்களையெல்லாம் இன்றே கொன்று பணமாக்கி, அப்பணத்தை வேறு தொழிலில் இடுவதே இலாபக் கணக்கின்படி அறிவுடைமை. ஆக, இது மடமையால் நேர்ந்த அழிவன்று. இலாபக் கணக்கு பிழையின்றி நடந்தேறியதன் விளைவு. வரலாறும் இதனையே காட்டுகிறது. துடுப்புத் திமிங்கிலங்கள் ஆண்டுக்கு 25,000க்கு மேல் மாண்டுகொண்டிருந்த 1950களில் விஞ்ஞானிகள் எச்சரித்தனர். ஒல்லாந்தின் பிரதிநிதிகளோ சான்று போதாதென்று தடுத்தனர். 1960இல் நியமிக்கப்பட்ட மூன்று விஞ்ஞானிகளின் குழு கணக்கோடு கூறியபோதும், தொகை குறைந்தது தயக்கத்தோடுதான். பின்னர் பிரித்தானியாவும் ஒல்லாந்தும் தம் கப்பல்களையும் அவற்றோடு வேட்டைப் பங்கையும் யப்பானுக்கு விற்றுவிட்டு வெளியேறின. கிரித்விக்கன் நிலையம் 1960களின் நடுவில் மூடப்பட்டது. மூடியது சட்டமன்று, கொல்வதற்குத் திமிங்கிலம் இல்லாமையே. தென் யோர்ச்சியாவில் அதுவரை அறுக்கப்பட்டவை 175,000க்கு மேல். இலாபத்தைப் பெற்றபின் வெளியேறிய இந்நாடுகள் பிற்காலத்தில் யப்பானுக்கு அறம் உரைத்தபோது, யப்பானியர் முகஞ்சுளித்ததில் வியப்பில்லை.

இதுவரை கூறியன நம் வாசகருக்கு உவப்பாகவே இருந்திருக்கும். இனிக் கூறவிருப்பது அவ்வாறன்று. பகைவனின் குற்றத்தை எண்ணிய பேனா நண்பனின் குற்றத்தையும் எண்ணாவிடின் அது வரலாறாகாது, பிரசாரமாகும்.

1946இற் செருமனியிடமிருந்து பெற்ற கப்பலைச் 'சிலாவா' எனப் பெயரிட்டுச் சோவியத் ஒன்றியம் அந்தாட்டிக்குக்கு அனுப்பியது. ஒடெசாத் துறைமுகத்தில் அதன் மாலுமிகள் வீரர்களாக வரவேற்கப்பட்டனர். 1955இல் தூனயேவ்சுக்கி அவர்களைப் பற்றி இசைநாடகமே இயற்றினார். 1959 முதல் 'சோவியத்சுக்காயா உக்ரயினா' முதலான மாபெரும் ஆலைக்கப்பல்கள் சேர்ந்தன. இப்படைகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிய கணக்குகள் பொய் என்பதை, ஒன்றியம் கலைந்தபின் 1993இல் அலெக்சி யாபுலோக்கோவ் என்ற ருசிய விஞ்ஞானி உலகறியச் செய்தார். தென்னரைக்கோளத்திற் தாம் கொன்ற கூனல் திமிங்கிலங்கள் 2,710 என அறிவித்தனர். கொன்றவை 48,000க்கு மேல். உலகெங்கும் மறைக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 180,000. 1959இற் தொடங்கி இரண்டே பருவங்களில், அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தெற்கே ஏறக்குறைய 25,000 கூனல் திமிங்கிலங்கள் அழிக்கப்பட்டன. 1962இல் அவுஸ்திரேலியாவின் கிழக்குக்கரை வேட்டை நிலையங்கள், திமிங்கிலம் வராமையால் திடீரென மூடப்பட்டன. அங்கு வேலையிழந்த தொழிலாளருக்கு அதன் முழுக் காரணம் முப்பதாண்டுகள் தெரியவில்லை.

எதற்காக இவ்வேட்டை? மாஜரினுக்கா, பசிக்கா? பல வேளைகளிற் கொழுப்பை மாத்திரம் எடுத்து உடலைக் கடலில் எறிந்தனர். அமைச்சு விதித்த திட்ட இலக்கு மொத்த உற்பத்தியின் அளவிலே அமைந்தது. இலக்கை மிஞ்சினால் மேலதிகக் கொடுப்பனவும் விருதும். மிஞ்சிய தொகையே மறு ஆண்டின் இலக்கு. பங்குதாரன் இல்லை, வட்டி இல்லை, சந்தை இல்லை. ஆயினும் எண்ணிக்கை என்னும் தெய்வம் அங்கும் பலி கேட்டது. தனியுடைமையை ஒழித்ததனால் மாத்திரம் இயற்கையோடு மனிதன் கொண்ட உறவு சீர்ப்படும் என்று எண்ணுவோர் இவ்வேடுகளைப் படித்தல் வேண்டும். மெஹாம்ன் மீனவனுக்கு நிலையத்தைத் தகர்க்கவேனும் முடிந்தது. தன் ஊரிலிருந்து வாக்களிக்கவும் முடிந்தது. சோவியத்துக் கப்பல்களிற் பணியாற்றிய விஞ்ஞானிகள் உண்மையை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினர்; அவ்வறிக்கைகள் இரகசிய முத்திரையுடன் பூட்டப்பட்டன. திமித்திரி ரோமசோவ் என்பவர் எரிக்கப்படவிருந்த மெய்க்கணக்கு ஏடுகளைத் தம் வீட்டு உருளைக்கிழங்கு நிலவறையில் ஒளித்து வைத்திருந்தமையாலேயே இன்று நமக்கு அவை கிடைத்துள்ளன. எனினும் ஒன்றைச் சேர்த்துக் கூறவேண்டும்: வெப்பவலயக் கடல்களில் மாலுமிகளை வாட்டி வதைத்த படைத்தலைவர் சொல்யானிக்கை 1965இல் 'கொம்சொமொல்சுக்காயா பிராவ்தா' பத்திரிகையின் ஒரு கட்டுரை பதவியிழக்கச் செய்தது. அச்சமூகத்திலும் நாக்கு முற்றாக அறுபட்டிருக்கவில்லை. திமிங்கிலத்தைப் பற்றிப் பேசத்தான் அது துணியவில்லை.

இக்கதை நம் கடலையும் தொட்டுச் செல்கிறது. அந்தாட்டிக்கை நோக்கிச் செல்லும் வழியில் அப்படைகள் 1963 முதல் 1967 வரை இந்து சமுத்திரத்தின் வடபகுதியில், வெப்பவலயத்தில் ஆலைக்கப்பலுக்குத் தடை இருந்தும், ஏறக்குறைய 1,300 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. திருகோணமலைக்கு அப்பாலும் மிரிச தேவேந்திர முனைகளுக்கு அப்பாலும் நாம் காணும் நீலத் திமிங்கிலங்கள் இவ்வடபுலக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. 1966 நவம்பரில் ஓமான், பாக்கிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய கரைகளை ஒட்டி 238 கூனல் திமிங்கிலங்கள் அழிக்கப்பட்டன. ஏனைய கூனல் இனத்தார்போல் துருவங்களுக்கு வலசை போகாமல் அரபிக் கடலிலேயே வாழும் தனிக்கூட்டம் அது. ஓமான் கரையில் இன்று அதன் தொகை நூறுக்கும் குறைவெனக் கணிப்பர். தங்கள் கடலில் நிகழ்ந்த இக்கொலையைக் கரையோர நாடுகள் எவையும் அறியவில்லை, அறிவிப்பாரும் இருக்கவில்லை.

1972இல் சுரொக்கோமில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மாநாடு பத்தாண்டுத் தடையைக் கோரியது. அதே காலத்திற் கப்பல்களுக்கு அந்நிய நாட்டுப் பார்வையாளர் அனுப்பப்பட்டமையாற் பொய்க்கணக்கும் பெரும்பாலும் நின்றது. அலகுமுறையும் ஒழிந்தது. பின்னர் நிகழ்ந்ததிற் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது சிசெல்சு நாட்டின் பங்கு. 1976இலேயே விடுதலை பெற்ற அச்சிறு தீவுநாடு முன்மொழிய, 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1982இல் வர்த்தக வேட்டை முழுவதையும் நிறுத்தும் தீர்மானத்தையும் அதுவே கொணர்ந்தது. 25 வாக்குகள் ஆதரவாகவும் 7 எதிராகவும் அளிக்கப்பட, 1985-86ஆம் பருவத்திலிருந்து தடை நடைமுறைக்கு வந்தது. பேரரசுகள் வெறுமையாக்கிய கடலுக்குக் காவல் வேண்டியவர், பேரரசொன்றின் பிடியிலிருந்து அண்மையில் விடுபட்டோர்.

தடைக்கு எதிரான வாதங்கள் இரண்டு. முதலாவது உணவு. 1946இல் பட்டினியில் வாடிய யப்பான் அமெரிக்கப் படையின் அனுமதியுடன் மீண்டும் அந்தாட்டிக்குக்குச் சென்றதும், அவ்விறைச்சி ஒரு தலைமுறைப் பள்ளிச் சிறாரை வளர்த்ததும் மெய். அதனை இகழ்வது முறையன்று. ஆனால் அப்பசி தீர்ந்து பல பத்தாண்டுகளாகிவிட்டன. இன்று யப்பானியர் உண்ணும் இறைச்சியிற் திமிங்கிலத்தின் பங்கு மிகச் சிறிது. இரண்டாவது பண்பாடு. யப்பானின் சில கரையோர ஊர்களில் வலை விரித்துத் திமிங்கிலம் பிடிக்கும் வழக்கம் நூற்றாண்டுகள் பழையது. ஆயின் அந்தாட்டிக் ஆலைக்கப்பல் அவ்வூரார் கண்டதன்று. 1934இல் நோர்வேயரிடம் வாங்கியது. பண்பாட்டின் பெயரால் உண்மையிற் பேச உரிமையுடையோர் அலாஸ்கா இனுயிற்று மக்கள். வர்த்தக வேட்டையாடிகள் அவர்தம் கடலை வெறுமையாக்கிய பின், 1977இல் ஆணைக்குழு அவர்களது வேட்டையையே முற்றாகத் தடுத்தது. அவர்கள் ஒன்றுதிரண்டு, தாமே திமிங்கிலங்களை எண்ணிக் காட்டி, பிழைப்புக்கான உரிமையை மீட்டனர். வர்த்தக வேட்டைக்கு எதிரான வாதம் இவர்களுக்கு எதிரானதன்று.

கொல்லும் முறையின் கொடுமையையும் மறத்தலாகாது. 1946-47இல் வேட்டைக் கப்பலில் வைத்தியராகச் சென்ற ஹரி லில்லி, வெடிகுண்டு பொருந்திய ஈட்டி பாய்ந்தபின் உயிர் பிரிய நெடுநேரம் வதைபடும் திமிங்கிலங்களை நேரிற் கண்டு சாட்சியம் கூறினார். ஆடும் மாடும் அறுப்பதற்கு எந்நாட்டிலும் விதியுண்டு. இவ்வாறு கொல்ல எவ்வூர் இறைச்சிக்கடையிலும் விடமாட்டார்கள். நடுக்கடலிற் பார்ப்பார் இல்லாமையே இதற்கு உரிமையாயிற்று.

தடைக்குப் பின் யப்பான் 'விஞ்ஞான ஆய்வு' என்ற பெயரால் 1987 முதல் அந்தாட்டிக்கில் வேட்டையைத் தொடர்ந்தது. 2014 மார்ச் 31இல் சர்வதேச நீதிமன்றம், அவுஸ்திரேலியாவின் வழக்கில், அந்நிகழ்ச்சித் திட்டம் விஞ்ஞான நோக்குக்குரியதன்று எனத் தீர்த்தது. 2019இல் யப்பான் ஆணைக்குழுவைவிட்டு விலகித் தன் சொந்தக் கடலில் வர்த்தக வேட்டையை வெளிப்படையாகவே தொடங்கிற்று. நோர்வே 1993 முதலும் ஐசுலாந்து 2006 முதலும் ஆட்சேப உரிமையையும் விலக்குரிமையையும் காட்டி அதே வழியிற் சென்றன. 2024இல் 'கங்கேயி மாரு' என்ற புதிய தாய்க்கப்பலை யப்பான் கடலில் இறக்கியது. அவ்வாண்டே, முன்னர் விட்டுவைத்திருந்த துடுப்புத் திமிங்கிலத்தையும் தன் வர்த்தக வேட்டைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

தென் யோர்ச்சியாவில், 2020இல் அக்கடலை ஆராயச் சென்றோர் இருபத்துமூன்று நாளில் 55 நீலத் திமிங்கிலங்களைக் கண்டனர். அதற்கு முந்திய பல பத்தாண்டுகளில் அங்கு ஒன்றிரண்டைக் காண்பதே அரிதாயிருந்தது.